நாற்பத்தெட்டு வாளிகளும் ஒரு டேட்டாபேஸும்

அரைக்காணிப்பட்டிக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். பிறர் சொன்னதைத் தட்டவும் மாட்டார்கள். இந்த இரண்டு நல்ல குணங்களும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வைகாசியில் அங்கே ஒரு தொல்லையும் வந்திருக்காது.

ஊரில் ஒரு பொதுப் பாத்திரச் சங்கம் உண்டு. யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும், முடிந்த கையோடு அந்த வீட்டார் ஒரு பாத்திரத்தில் தங்கள் பெயரை வெட்டிச் சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் சேர்ந்த அண்டா, குண்டா, தாம்பாளம், கரண்டி எல்லாம் கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தன. அடுத்த கல்யாண வீட்டார் எடுத்துப் போய்ச் சமைத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். பெயர் வெட்டாதவை நாற்பத்தெட்டு எவர்சில்வர் வாளிகள் மட்டும்தான். அவற்றைச் சங்கமே ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியிருந்தது. நாற்பத்தெட்டும் ஒரே அச்சு.

எந்தப் பாத்திரம் யாரிடம் போயிருக்கிறது என்று எழுதிவைத்த நோட்டைச் சித்திரையில் கரையான் தின்றுவிட்டது. அட்டை மட்டும் மிச்சம். அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவர் மனமிரங்கிச் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். உடனே ஊர்க் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கம்ப்யூட்டரில் ஏறாத பாத்திரம் கட்டடத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள்.

தூக்கியவர்களில் செங்கமலமும் ஒருத்தி. அவள் மகள் தேன்மொழிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். அறுநூறு இலை விழும். கையை இறக்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டவுனுக்கு ஓடிப்போய் வாடகைக் கடைகளில் விசாரித்தாள். பெரிய முகூர்த்தம், ஒரு கரண்டிகூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஏத்திருவீங்களா?" என்று சங்கத் தலைவர் வடமலையிடம் கேட்டாள்.

"இருநூத்திப் பன்னெண்டு பாத்திரம்தானே செங்கமலம். கத்துக்கொடுக்க டவுன்ல இருந்து டீச்சர் வருது. நீ போய்ப் பந்தக்காலப் பாரு."

சங்கத்தில் வடமலையைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். செயலாளர் குழந்தைசாமி எதையும் மூன்று முறை யோசிப்பார், மூன்று முறையும் ஒரே மாதிரி யோசிப்பார். உறுப்பினர் ஆதிமூலத்துக்கு டைப் அடிக்கத் தெரியும். வலது கை ஆள்காட்டி விரலால் அடிப்பார். அந்த விரலுக்குச் சங்கத்தில் தனி மரியாதை உண்டு.

திங்கட்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் ஜெசிந்தா டீச்சர் வந்து இறங்கினார். இருபத்தைந்து வயதிருக்கும். மெல்லிய குரல், தோளில் ஒரு துணிப்பை. மூன்று மணி பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு பஸ் இல்லை. அந்த டிரைவரோ மூன்று ஹாரன் அடிப்பார், நான்காவது அடிக்காமல் போய்விடுவார்.

"இதுக்குப் பேர் டேட்டாபேஸ். நோட்டு மாதிரிதான், ஆனா நமக்காகத் தேடிக் கொடுக்கும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு வரி. அந்த வரியை ரெக்கார்டுன்னு சொல்வோம். வரிக்குள்ள கட்டம் கட்டமா இருக்கு பாருங்க. பேர், உலோகம், அளவு, வெட்டின பேர், நிலைமை. நிலைமைன்னா நல்லா இருக்கா, நசுங்கியிருக்கான்னு எழுதறது."

மூன்று பேரும் கை கட்டிக் கேட்டார்கள். மூன்று மணிக்கு முதல் ஹாரன் கேட்டது. டீச்சர் பையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஒரே மாதிரி ரெண்டு ரெக்கார்டு வந்தா இது ஏத்துக்காது. ஒவ்வொண்ணுக்கும் ஏதாவது ஒரு வித்தியாசம் இருக்கணும். அதுக்கு நீங்க என்ன செய்யணும்னா..."

மூன்றாவது ஹாரன். டீச்சர் ஓடினார்.

முதல் வாளியை ஆதிமூலம் ஏற்றினார். வாளி, எவர்சில்வர், நடுத்தரம், பெயர் இல்லை, நசுங்கல் இல்லை. ஏறிவிட்டது. இரண்டாவது வாளியையும் அப்படியே அடித்தார். இதே போல் ஒன்று ஏற்கெனவே உள்ளது, ஏற்க இயலாது என்று திரையில் எழுத்து வந்தது.

"நியாயம்தான்" என்றார் குழந்தைசாமி. "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. அதுக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

"நிலைமைங்கற கட்டத்துல 'ஒரு நசுங்கல்'னு போட்டா வித்தியாசம் வந்துரும்" என்றார் ஆதிமூலம். போட்டார். ஏறிவிட்டது. மூவருக்கும் பெரிய மகிழ்ச்சி.

வடமலை இரண்டாவது வாளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஆதிமூலம், இதுல நசுங்கலே இல்லையேப்பா. பொய்யா எழுதிட்டமே."

குழந்தைசாமி எழுந்து போய் அம்மிக் குழவியை எடுத்து வந்தார். டொம் என்று ஒரு அடி. பொய் நீங்கியது.

மூன்றாவது வாளிக்கு இரண்டு நசுங்கல். நான்காவதுக்கு மூன்று. நாற்பத்தெட்டாவது வாளிக்கு நாற்பத்தேழு. ஆக மொத்தம் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு நசுங்கல்கள். ஒன்றுகூடக் கணக்குத் தப்பவில்லை. முப்பத்தாறாம் வாளியில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்த இரண்டு நசுங்கல்கள் ஒன்றாகிவிட்டன. அதை ஒன்று என்பதா இரண்டு என்பதா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் சந்தேகத்துக்கு இடம் கொடாமல் வேறு பக்கத்தில் ஒன்று போட்டார்கள்.

மறுநாள் வந்த டீச்சர் வாளிகளைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். நாற்பத்தோராம் வாளியில்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"ஐயா, வாளிக்கு ஒண்ணு, ரெண்டுன்னு பெயிண்ட்ல நம்பர் போட்டிருந்தாப் போதுமே."

"பெயிண்ட் தேச்சா அழிஞ்சிரும்மா" என்றார் வடமலை பெருமையாக. "இது சாகற வரைக்கும் அழியாது. கண்ணு தெரியாதவங்ககூடத் தடவிப் பார்த்துச் சொல்லிடலாம்."

டீச்சர் அன்றைய பாடத்துக்குப் போனார். மூன்று புதிய கட்டங்களைச் சேர்த்துக் காட்டினார். வாங்கியவர், கொடுத்த தேதி, திரும்பி வந்த தேதி. பாடம் நன்றாகத்தான் போனது. ஹாரன் அடித்தபோது வாசலில் நின்று ஒன்றைச் சொன்னார்: "எந்தக் கட்டத்தையும் காலியா விட்டுராதீங்க. காலியா விட்டா அப்புறம் தேடும்போது கஷ்டம்."

பஸ் போன பிறகு ஆதிமூலம் திரையைப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வரியிலும் மூன்று மூன்று கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

"யாரும் வாங்கலியே. யார் பேரப் போடறது?"

"யாராவது வாங்கினாப் போட்டுரலாம்" என்றார் குழந்தைசாமி.

"செங்கமலம்தான் கேக்குதே, அதுகிட்டக் கொடுத்துட்டா?" என்றார் ஆதிமூலம்.

"அது எப்படி முடியும்? கட்டம் முழுசா நிரம்பினாத்தான் ஏறினதா அர்த்தம். ஏறின பிறகுதான் வாசலைத் தாண்டலாம். செங்கமலத்துக்குக் கொடுக்கணும்னா அதுக்கு முன்னாடி வேற யாராவது வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கணும்."

அந்த வேறு யாராவதுக்கு மட்டும் ஏறாத பாத்திரம் எப்படி வாசலைத் தாண்டும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆதிமூலம் வெளியே போய் வாசலில் நின்றார்.

"பாத்திரம் வேணுங்க" என்றார்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டார் வடமலை. விசேஷம் இல்லாதவருக்குப் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்பது சங்க விதி.

ஆதிமூலம் யோசித்தார். வீட்டில் கல்யாண வயதில் யாரும் இல்லை. புதுமனை இல்லை. "காதுகுத்துங்க."

"யாருக்கு?"

ஆதிமூலத்தின் பேரன் பேத்திகளுக்கெல்லாம் குத்தியாகிவிட்டது. பொய் சொல்ல முடியாது. அவர் தன் காதைத் தடவிக்கொண்டார். ஐம்பத்து நான்கு வருஷமாக அதில் ஓட்டை கிடையாது.

"எனக்குத்தாங்க."

ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். அவருக்கு இது விளங்கவில்லை, ஆனாலும் குத்தினார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதான் முறை. ஆதிமூலத்தின் தாய்மாமனுக்கு எண்பத்தொரு வயது. மடியில் உட்கார்ந்த ஆதிமூலத்துக்கு எண்பது கிலோ. காதுகுத்தில் அழுதது தாய்மாமன்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு பாத்திரங்களும் மினி டெம்போவில் ஆதிமூலம் வீட்டுக்குப் போயின. செங்கமலம் பந்தலிலிருந்து இதைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து டெம்போவை மறித்தாள்.

"யோவ் ஆதிமூலண்ணே! என் பொண்ணு கல்யாணத்துக்கு வராத அண்டா, உன் காதுக்கு வருதா?"

"கோவிச்சுக்காத செங்கமலம். உனக்காகத்தான் குத்திக்கிட்டேன்."

"எனக்காகவா? நான் எப்பய்யா உன்னக் காது குத்திக்கச் சொன்னேன்?"

ஆதிமூலத்தின் மனைவி வீட்டு வாசலிலிருந்து இந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலம் அவர் வீட்டில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டியதில்லை. பாத்திரங்கள் இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டன. கட்டங்கள் நிரம்பின.

புதன்கிழமை டீச்சர் வந்தபோது ஆதிமூலத்தின் இரண்டு காதிலும் மஞ்சள் பூசியிருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு நாளில் அவருக்கு அவ்வளவு அனுபவம் வந்திருந்தது.

அன்று வரிசைப்படுத்தும் பாடம். ஒரு பட்டனைத் தட்டினார். "பாருங்க, இப்ப எல்லாம் பெரிசுல இருந்து சின்னதா வரிசையா வந்துருச்சு." குழந்தைசாமி எழுந்து பாத்திர அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் வரலம்மா. அண்டா மூலையிலேயேதான் கிடக்கு."

"ஐயா, அது திரையில மட்டும்தான்."

"அப்ப இது சொல்றது வேற, உள்ள இருக்கறது வேறயா?" என்றார் வடமலை கவலையோடு. கம்ப்யூட்டரைப் பொய்யாக்க அவருக்கு மனம் வரவில்லை. டீச்சர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று பேரும் மூச்சு வாங்க உள்ளே எல்லாவற்றையும் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்த டீச்சர், இதைத் தலைகீழாகவும் வரிசைப்படுத்தலாம் என்று சொல்லி இன்னொரு பட்டனைத் தட்டினார். குழந்தைசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுந்தார்.

கடைசியாக வடிகட்டிப் பார்க்கும் பாடம். "இப்ப உங்களுக்குப் பித்தளைப் பாத்திரம் மட்டும் வேணும்னு வைங்க. இங்க பித்தளைன்னு அடிச்சா..." திரையில் முப்பத்தொரு வரிகள் மட்டும் நின்றன. மூவரும் ஆவென்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அடித்தது. வடிகட்டியதைத் திரும்ப எடுத்துவிடும் பட்டனைக் காட்டாமலே டீச்சர் ஓடினார்.

"நூத்தி எண்பத்தொரு பாத்திரத்தைக் காணோம்!" என்றார் ஆதிமூலம்.

உள்ளே ஓடினார்கள். எல்லாம் சிறிசிலிருந்து பெரிசாக அப்படியே இருந்தன.

குழந்தைசாமி முதல் முறை யோசித்தார். "கம்ப்யூட்டர்ல இல்ல. ஆனா இங்க இருக்கு." இரண்டாம் முறை யோசித்தார். "சங்கத்துப் பாத்திரம்னா கம்ப்யூட்டர்ல இருக்கும்." மூன்றாம் முறை யோசித்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. "தலைவரே, இந்த நூத்தி எண்பத்தொண்ணும் சங்கத்துப் பாத்திரம் இல்ல. யாரோ ஊரார் சொத்தை நாம வச்சுக்கிட்டிருக்கோம்."

"வாளி நாம வாங்கினதாச்சே" என்றார் ஆதிமூலம்.

"நாம வாங்கினது வழவழன்னு இருந்த வாளி. இதுல ஒண்ணாவது அப்படி இருக்கா?"

முதல் வாளி ஒன்றுதான் அப்படி இருந்தது. ஒற்றை வாளிக்காக வழக்குப் பேசுவது மரியாதை இல்லை என்று வடமலை விட்டுவிட்டார்.

நாணயமானவர்கள் செய்வதை அவர்கள் செய்தார்கள். கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "சங்கக் கட்டடத்தில் அடுத்தவர் பாத்திரங்கள் சேர்ந்துவிட்டன. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். இவ்வளவு காலம் வைத்திருந்ததற்கு மன்னிக்கவும்."

ஊரே வந்தது. அடையாளம் சொல்வதில் யாருக்கும் சிரமமில்லை. ஒவ்வொரு பாத்திரத்திலும் கொடுத்தவர் வீட்டுப் பெயர்தான் வெட்டியிருந்ததே. "எங்க சித்தப்பா பேரு, பாருங்க" என்று காட்டிவிட்டு எடுத்துப் போனார்கள். ஊரில் எல்லோரும் பொய் சொல்லாதவர்கள் என்பதால் ஒரு தகராறும் வரவில்லை. வாளிகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவற்றைத் தெருவோரம் வைத்து, கண்டெடுத்தவை என்று எழுதிவைத்தார்கள்.

வியாழன் காலையில் செங்கமலம் வந்தாள். மூன்று பித்தளை அண்டாவும் சில தவலைகளும் குண்டான்களும் இருந்தன. சோறு வடித்துவிடலாம். பரிமாற ஒரு கரண்டி இல்லை, தாம்பாளம் இல்லை, தண்ணீர் வைக்க ஒரு ஜக்கு இல்லை. அவள் காலியான அலமாரிகளைப் பார்த்தாள். பிறகு அந்த மூன்று பேரையும் பார்த்தாள்.

"எல்லாம் எங்கய்யா?"

"உரியவங்ககிட்டச் சேர்த்துட்டோம்" என்றார் வடமலை. அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

செங்கமலம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்றுதான் மூவரும் நினைத்தார்கள். பதினொரு மணி பஸ்ஸில் வந்த டீச்சரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, என்னாலதான்" என்று சொல்லும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டது.

செங்கமலம் அழவில்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். "டீச்சர், யார் யார் வீட்டுல எந்தப் பாத்திரம் இருக்குன்னு இந்தப் பொட்டி சொல்லுமா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பட்டனைத் தட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் திரும்பி வந்துவிட்டன. மூன்று பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். வெட்டின பெயர் என்ற கட்டத்தைப் பார்த்துப் பார்த்து டீச்சர் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு செங்கமலம் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போனாள்.

"அத்தாச்சி, நாளைக்குக் குடும்பத்தோட வந்துரணும். வரும்போது உங்க மாமனார் பேரு போட்ட தாம்பாளத்தையும் கூட்டிட்டு வாங்க." "சின்னம்மா, உங்க வீட்டுல நாலு கரண்டி. நாலும் காலையிலேயே வரணும்."

வெள்ளிக்கிழமை அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒரு கையில் மொய்க் கவரும் மறு கையில் கரண்டியுமாக வந்தார்கள். சங்கத்தார் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். ஒரு தாம்பாளம்கூட அவர்கள் வாசலைத் தாண்டிப் போகவில்லை. தீர்மானம் அப்படியே காப்பாற்றப்பட்டது. கண்டெடுத்த வாளிகளையும் யாரோ கொண்டுவந்திருந்தார்கள். நாற்பத்தேழு நசுங்கல் வாளி சாம்பாருக்கு ஆகவில்லை, ஒழுகியது. அப்பளத்துக்கு ஆயிற்று.

முகூர்த்த நேரத்தில் செங்கமலம் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். தாம்பாளம், தண்ணீர், தேங்காய், எல்லாம் இருந்தது. ஒரே ஒரு குறை.

"குழந்தைசாமி அண்ணன எங்க காணோம்?"

"அவன் சங்கக் கட்டடத்துல இருக்கான்" என்றார் வடமலை. "நேத்து பஸ் ஏறும்போது டீச்சர் சொல்லிட்டுப் போச்சு. முக்கியமானது எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு பிரதி எடுத்து, வேற இடத்துல பத்திரமா வைக்கணுமாம். அசல் கெட்டுப்போனாலும் பிரதி கைகொடுக்குமாம். இன்னைக்கு ஊர்ல முக்கியமானது யாரு? மாப்பிள்ளைதானே?"

சங்கக் கட்டடத்தில் காலியான அலமாரிகளுக்கு நடுவே ஒரு மணையில் குழந்தைசாமி உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம். வயது அறுபத்திரண்டு. அசலில் எந்த மாற்றம் வந்தாலும் பிரதியிலும் உடனே செய்துவிட வேண்டும் என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் கல்யாணப் பந்தலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஆதிமூலம் ஓடிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை எந்திரிச்சுட்டார்!"

குழந்தைசாமி எழுந்தார்.

"தும்மினார்!"

குழந்தைசாமி மூக்கில் துண்டு நுனியை விட்டுத் தும்மினார்.

"ரெண்டாவது தடவ பாயசம் வாங்கிட்டார்!"

இதற்கு மட்டும் குழந்தைசாமி துண்டின் உதவி இல்லாமல் சமாளித்தார்.

அவர் மனைவி சொர்ணம் மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு பார்த்த கோலம். "அன்னைக்கும் இப்படித்தான் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் மணமக்கள் மாப்பிள்ளையின் ஊருக்குப் புறப்பட்டார்கள். கரூர் பஸ். செங்கமலம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், டெம்போக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை படியில் கால் வைத்ததும் ஆதிமூலம் மூச்சிரைக்கக் கட்டடத்துக்கு ஓடினார்.

சற்று நேரத்தில் எதிர்த்திசையில் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்திக் குழந்தைசாமி ஏறினார். மாலையைக் கழற்றவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் பெண் யாரும் ஏறுகிறாளா என்று படிக்கட்டையும் பார்த்தார்.

"எங்க போகணும் மாப்பிள்ளை?"

குழந்தைசாமி மூன்று முறை யோசித்தார்.

"கரூர் இல்லாத ஊருக்கு ஒரு டிக்கெட்."